மனசுக்குப் பிடிச்சதைச் செய்யுங்க

ஜூலை 3

அன்புள்ள வாலுவுக்கு,

அக்கா எழுதுவது. நான் இங்கே நலம் என்று எழுத ஆசைதான். இப்போதைக்கு அரை நலம் என்று வைத்துக்கொள். நீயும் உன் மனைவியும் எப்படி இருக்கிறீர்கள்? எழுபது தாண்டிய சர்ஜனை இன்னும் வாலு என்று கூப்பிடுகிறேனே என்று அவள் முகம் சுளித்தால், அது அவள் வருவதற்கு முன்பே வைத்த பெயர் என்று சொல்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்ச நாளாக வயிறு சரியில்லை. பக்கத்து ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், கடைசியில் பெருங்குடலில் கட்டி என்றார்கள். அங்கே சர்ஜன் ஒரு சின்னப் பெண். எனக்குக் காது கேட்காது என்று தெரிந்ததும் கத்தாமல், ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினாள்: 'கெட்ட கட்டிதான். பரவின மாதிரி தெரியவில்லை. சீக்கிரம் எடுத்துவிட வேண்டும்.' டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊரார் பேச்சையெல்லாம் காதில் வாங்கிய எனக்கு, என் வயிற்றைப் பற்றிய செய்தி இப்படி எழுத்தில் வந்து சேர்ந்தது.

நல்ல பெண்தான். ஆனால் அவள் கையில் நான் வயிற்றைக் கொடுக்க மாட்டேன். "எனக்கு ஒரு தம்பி இருக்கான். அவன் கை பட்டா போதும்"னு சொல்லிவிட்டு, உன் கையின் பெருமையைக் கொஞ்ச நேரம் அளந்துவிட்டு வந்தேன். பாவம், பொறுமையாகத் தலையாட்டினாள்.

ஓய்வு பெற்ற பிறகும் பிரார்த்தனைக் கூடத்து இலவச மருத்துவமனையில் ஏழை எளியவர்களுக்கு நீ அறுத்துக்கொண்டுதானே இருக்கிறாய்? அந்த வரிசையில் என்னையும் சேர்த்துக்கொள். எப்போது வர வேண்டும் என்று எழுது, பெட்டியைக் கட்டிவிடுகிறேன். டாக்டர் எழுதிக் கொடுத்ததை இதோடு வைத்திருக்கிறேன்.

பயமா என்று கேட்காதே. நீ இருக்கும்போது எனக்கென்ன பயம்?

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
உன் அக்கா

*

ஜூலை 30

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் பார்த்து மனசு கனத்துவிட்டது. பதில் எழுதத் தாமதித்ததற்கு மன்னித்துக்கொள். நாங்கள் இருவரும் நலம். டாக்டர் கையெழுத்தைப் படிக்க மருந்துக் கடைக்காரர்தான் வர வேண்டும் என்று நீ எப்போதும் திட்டுவாயே, அதனால் இந்த முறை நான் சொல்லச் சொல்ல இவள் எழுதுகிறாள்.

டாக்டர் எழுதியதை வரிவரியாகப் படித்தேன். அக்கா, சொந்தக்காரர்களை அறுப்பதில்லை என்று ஒரு விதி வைத்திருக்கிறேன். தவிர, எனக்கு இப்போது நேரம் சரியாக அமையவில்லை. அந்தப் பெண் நல்ல டாக்டர், அவரே பார்த்துக்கொள்வார். நீ நன்றாகச் சாப்பிடு. மனசுக்குப் பிடித்ததைச் செய். உனக்காகத் தினமும் பிரார்த்தனை செய்கிறேன்.

சனிக்கிழமைகளில் மருத்துவமனையில் தலைக்கு மேல் வேலை. இங்கே கால் புண்ணோடு வருகிறவர்கள் நிறைய. ஒரு லாரி ஓட்டுநர், குதிகாலில் பெரிய புண், ஆனால் வாய் மட்டும் ஓய்வதில்லை. "டாக்டரு, புண்ணு ஆறுறதுக்குள்ள என் கதையை முடிச்சிருவேன்"னு போன வாரம் சொன்னார். கதை இன்னும் பாதிகூட வரவில்லை.

மறக்காமல் பதில் எழுது.

அன்புடன்,
தம்பி

அண்ணி, எழுதுகிறவளின் குறிப்பு: இந்தக் கடிதத்தைத் திரும்பத் திரும்பக் கிழிக்கச் சொன்னார். 'தவிர' என்ற இடத்தில் நீண்ட நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் தைரியமாக இருங்கள்.

*

ஆகஸ்ட் 8

அன்புள்ள வாலுவுக்கு,

கடிதம் வந்தது. நலம். நீங்களும் நலமாக இருங்கள்.

சொந்தக்காரர்களை அறுப்பதில்லையாமே! என் வீட்டுக்காரரின் பித்தப்பையை எடுத்தது யார், பக்கத்துத் தெருவிலிருந்து வந்த ஆளா? போகட்டும், உன்னோடு சண்டைக்கு வரவில்லை. நீ சுற்றி வளைத்துச் சொன்னாலும் எனக்குப் புரிந்தது. நீ வருத்தப்படாதே. உன் மேல் எனக்கு ஒரு துளி கோபம் கிடையாது.

அந்த ஓட்டுநர் கதை எங்கே வந்து நிற்கிறது என்று அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
அக்கா

*

ஆகஸ்ட் 21

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீ புரிந்துகொண்டாயே, அதுவே பெரிய நிம்மதி. கல்லை இறக்கி வைத்த மாதிரி இருக்கிறது. திட்டித் தீர்த்துவிடுவாய் என்று பயந்துகொண்டிருந்தேன்.

அந்தப் பெண் டாக்டர் தேதி குறித்துவிட்டாரா? அது மட்டும் தெரிந்தால் போதும். தள்ளிப்போடாதே.

ஓட்டுநர் கதையில் இப்போது வண்டி ஒரு மலைப்பாதையில் நிற்கிறது, பிரேக் பிடிக்கவில்லை. கட்டுப்போட்டு முடிந்ததும் அங்கேயே நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டார். எனக்கு இரண்டு நாளாக அதே நினைப்பு.

உன் மாத்திரைகளைச் சரியாகச் சாப்பிடு. இவளும் உன்னை விசாரித்தாள். இதையும் இவளே எழுதுகிறாள், நான் சோம்பேறியாகிவிட்டேன்.

அன்புடன்,
தம்பி

*

செப்டம்பர் 17

அன்புள்ள வாலுவுக்கு,

இங்கே நலம். அங்கே அனைவரும் நலமா?

நீ சொன்னபடியே நன்றாகச் சாப்பிடுகிறேன். மாடிப்படி இறங்கினால் முனையில் பேக்கரி. சர்க்கரை, கொழுப்பு என்று இத்தனை வருடம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேனே, இப்போது தினமும் ஒரு கேக். பேக்கரிக்காரன் என்னைப் பார்த்ததும் தட்டை எடுத்துவிடுகிறான். போன வாரம் பஸ் ஏறிக் கடலைப் பார்த்துவிட்டு வந்தேன். அலை சத்தம் கேட்கவில்லை, ஆனால் காலில் வந்து மோதும்போது தெரிந்தது. நன்றாகத்தான் இருந்தது.

ரேடியோவைக் கீழ் வீட்டுத் தையல்காரருக்குக் கொடுத்துவிட்டேன். காது கேட்காதவளுக்கு எதற்கு அது, வீட்டை அடைத்துக்கொண்டு? அலமாரியையும் ஒழுங்கு பண்ணிக்கொண்டிருக்கிறேன். என் வீட்டுக்காரரின் கைக்கடிகாரத்தை உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். ஓடும், ஆனால் அவரைப் போலவே கொஞ்சம் தாமதம்.

ஓட்டுநரின் பிரேக் பிடித்ததா இல்லையா? என்னைக் காக்க வைக்காதே.

அன்புடன்,
அக்கா

*

செப்டம்பர் 26

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பிரேக் பிடித்துவிட்டது, ஓட்டுநர் பிழைத்தார். கால் புண்ணும் ஆறுகிறது.

நீ கேக்கைப் பற்றி எழுதுகிறாய், கடலைப் பற்றி எழுதுகிறாய். நான் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. தேதி என்ன ஆயிற்று? ஆபரேஷனுக்கு முன்னால் இந்த இனிப்பெல்லாம் வேண்டாம். அந்த டாக்டரின் பெயரையாவது எழுது, நான் விசாரிக்கிறேன். அந்தத் தாளில் பெயர் இருந்த இடத்தில் நீ ஏதோ எண்ணெய் சிந்தியிருக்கிறாய்.

பூசி மெழுகாமல் எழுது.

தம்பி

*

அக்டோபர் 19

அன்புள்ள வாலுவுக்கு,

நீயும் என் தம்பி மனைவியும் நலமாக இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. நானும் நலமாகத்தான் இருக்கிறேன்.

கோபித்துக்கொள்ளாதே. தேதி, தேதி என்று கேட்கிறாய். அதற்கென்ன அவசரம்? எல்லாம் அதனதன் நேரத்தில் நடக்கும்.

உன்னிடம் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நீ முதல் ஆபரேஷன் பண்ணிய அன்று எக்ஸ்சேஞ்சுக்குப் போன் பண்ணினாய். "அக்கா, பொழச்சுட்டாங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அழுதாய். நான் வேலை நேரத்தில் எல்லா இணைப்பையும் நிறுத்திவிட்டு உன் அழுகையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மேலதிகாரி வந்து கத்தினார். "என் தம்பி ஒரு உயிரைக் காப்பாத்தியிருக்கான், ஊர் ரெண்டு நிமிஷம் பேசாம இருக்கட்டும்"னு சொன்னேன். அப்படி ஒரு தம்பி எனக்குக் கிடைத்தானே, அது போதும்.

என் கம்பளிக் கோட்டைப் பேக்கரிக்காரனின் மனைவிக்குக் கொடுத்துவிட்டேன். அவளுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது.

அன்புடன்,
அக்கா

*

அக்டோபர் 27

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். இந்த முறை நானே எழுதுகிறேன், அவர் சொல்லி அல்ல. அவருக்குத் தெரியாது.

உங்கள் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். எக்ஸ்சேஞ்ச் கதையைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். எனக்குத்தான் அந்தக் கம்பளிக் கோட்டு வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. அண்ணி, குளிர்காலம் வாசலில் நிற்கிறது. குளிர் வரப்போகிற மாதத்தில் யாராவது கோட்டைக் கொடுப்பார்களா? அடுத்த குளிருக்கு நீங்கள் இருக்கப்போவதில்லை என்று யார் சொன்னது?

தேதி குறிக்கவே இல்லை, இல்லையா? ஏன் அண்ணி? அந்தக் கட்டியை எடுத்துவிட முடியும் என்று அந்த டாக்டரே எழுதிக் கொடுத்திருக்கிறாளே.

ஒரு விஷயம் இருக்கிறது. அதை உங்களிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். அது அவர் வாயால் வர வேண்டியது. ஆனால் நீங்கள் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று எனக்கு உடனே தெரிய வேண்டும். எனக்குத் தூக்கமே வரவில்லை.

உங்கள் தம்பி மனைவி

*

நவம்பர் 3

அன்புள்ள பெண்ணே,

நீ நலமா? உன் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று எனக்குத் தெரியும். கோட்டைப் பற்றி எழுதியிருக்கக் கூடாது.

உன்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறானா? அப்படியானால் நான் நினைத்தது சரிதான்.

உனக்கும் தெரியும்தானே, இனிப் பிழைக்க முடியாது என்று ஆகிவிட்ட நோயாளிகளிடம் அவன் என்ன சொல்வான் என்று. அவனே ஒருமுறை என்னிடம் சொன்னான். "நம்பிக்கையைப் பிடுங்கிக்கிட்டு அனுப்ப மனசு வர மாட்டேங்குது அக்கா. அதனால 'எனக்கு இப்போ நேரம் சரியா அமையல, அந்த டாக்டர் பார்த்துக்குவார், நீங்க நல்லாச் சாப்பிடுங்க, மனசுக்குப் பிடிச்சதைச் செய்யுங்க'ன்னு சொல்லி அனுப்பிடுவேன்." பிறகு வீட்டுக்காரர்களைத் தனியாகக் கூப்பிட்டு உண்மையைச் சொல்வானாம்.

ஜூலை மாதக் கடிதத்தை எடுத்துப் பார். வார்த்தைக்கு வார்த்தை அதேதான், உன் கையெழுத்தில். அந்தச் சின்னப் பெண்ணுக்கு அனுபவம் போதாது, எடுக்கலாம் என்கிறாள். அதே தாளைப் பார்த்து வாலு வேறு சொல்கிறான். நான் யாரை நம்புவேன்? பிரயோஜனமில்லாமல் வயிற்றைத் திறந்து மூட எனக்கு இஷ்டமில்லை.

அவனிடம் இதைச் சொல்லாதே. சொந்த அக்காவிடம் அந்த வார்த்தையைச் சொல்ல அவன் எப்படித் தவித்திருப்பான்! 'தவிர' என்ற இடத்தில் ஜன்னலைப் பார்த்தான் என்று எழுதினாயே, அதைப் படித்தபோது எனக்கு அவன் மேல்தான் இரக்கமாக இருந்தது. எனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரிய வேண்டாம். சந்தோஷமாக இருக்கிறேன் என்றே நினைத்துக்கொண்டிருக்கட்டும்.

கேக் உண்மையிலேயே நன்றாக இருக்கிறது.

அன்புடன்,
அண்ணி

*

நவம்பர் 7

அக்கா,

இதைப் படிக்க உனக்குச் சிரமமாக இருக்கும். வரி மேலே ஏறும், கீழே இறங்கும், எழுத்து ஒன்றன் மேல் ஒன்று விழும். பூதக்கண்ணாடி வைத்தாவது படி. இது நானே எழுதுவது. என் கை இப்போது இப்படித்தான் இருக்கிறது.

நீ அவளுக்கு எழுதியதை அவள் என் முன்னால் கொண்டுவந்து போட்டாள். "உங்க கௌரவம் உங்க அக்காவைக் கொல்லப் போகுது"ன்னு சொன்னாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் என்னிடம் குரலை உயர்த்தியதில்லை.

அக்கா, உனக்கு ஒன்றும் முடிந்துபோகவில்லை. கேட்கிறதா? அந்தத் தாளில் இருப்பது எடுக்கக்கூடிய கட்டி. அதைப் பார்த்த அன்றே எனக்குத் தெரியும். முடியாது என்றது உன் வயிற்றை இல்லை, என் கையை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு குடலிறக்க ஆபரேஷன். எல்லாம் முடிந்து நூலை முடிச்சுப் போடும்போது விரல் என் பேச்சைக் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த டாக்டரிடம் "நீங்க முடிங்க"ன்னு கொடுத்துவிட்டு வெளியே வந்து கையுறையைக் கழற்றினேன். நோயாளிக்கு ஒரு குறையும் இல்லை. அதற்குப் பிறகு நான் கத்தியைத் தொடவில்லை. இப்போது சனிக்கிழமைகளில் நான் செய்வது கால் புண்ணைக் கழுவுவது. கட்டுப்போடுவதுகூட நர்ஸ்தான். அந்த லாரி ஓட்டுநர் ஏன் அவ்வளவு பேசுகிறார் தெரியுமா? நான் கழுவும்போது என் கையை நானே பார்க்காமல் இருப்பதற்காகத்தான். அவரே சொன்னார்.

கத்தியை எடுக்கும் முன் ஒவ்வொரு நாளும், 'இந்தக் கையை உன் கையாக வைத்துக்கொள்' என்றுதான் கடவுளிடம் கேட்டேன். அவர் பாட்டுக்குத் தன் கையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். கோபம் வந்தது அக்கா. பிரார்த்தனைக் கூடத்துக்குப் போவேன், கடைசி வரிசையில் உட்கார்வேன், வாயைத் திறக்காமல் எழுந்து வருவேன். உனக்காகத் தினமும் பிரார்த்தனை செய்கிறேன் என்று எழுதினேனே, அது மட்டும் பொய் இல்லை. அவரோடு மறுபடி பேச ஆரம்பித்ததே உனக்காகத்தான்.

எல்லாரிடமும் சொல்லிவிட்டேன், உன்னிடம் மட்டும் வாய் வரவில்லை. நீதானே என் கையைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசினவள். 'அவன் கை பட்டா போதும்' என்று நீ எழுதியதைப் படித்துவிட்டு நான் என்ன சொல்வேன்? பழக்கத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். யாரிடம் எதற்காக அப்படிச் சொல்வேன் என்பது எனக்கே உறைக்கவில்லை. ஒரு டாக்டர் செய்யக்கூடிய காரியமா இது?

உன் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி அந்தப் பெண்ணைக் கண்டுபிடித்துப் பேசினேன். உன்னைப் பற்றித்தான் என்று தெரிந்ததும், "அவங்களை எப்படியாவது வரச் சொல்லுங்க சார், ரெண்டு தடவை ஆள் அனுப்பிட்டேன், கேக் கொடுத்து அனுப்பிட்டாங்க"ன்னு சொன்னாள். நாலு மாதம் வீணாகிவிட்டது, அது என்னால். ஆனாலும் இன்னும் காலம் தாண்டவில்லை என்கிறாள், நானும் அதையே நினைக்கிறேன். அவளிடம் துருவித் துருவிக் கேள்வி கேட்டேன். நான் இருந்திருந்தால் எப்படிச் செய்வேனோ அப்படித்தான் சொல்கிறாள். ஒன்றிரண்டு இடத்தில் என்னைவிட நன்றாகவே செய்வாள்.

போ அக்கா. உன் காலில் விழுந்து கேட்கிறேன், போ.

தம்பி

*

நவம்பர் 12

அன்புள்ள வாலுவுக்கு,

நலம். இந்தத் தடவை முழு நலம், கட்டியைத் தவிர.

உன் கடிதத்தைப் படிக்க ஒரு பகல் முழுதும் ஆனது. பாதியில் சிரித்தேன், பாதியில் அழுதேன், நடுவில் உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். எனக்குக் காது கேட்காது என்பதால் எவ்வளவு சத்தமாகத் திட்டினேன் என்று தெரியவில்லை. கீழே இருந்து தையல்காரர் ஓடி வந்தார்.

முட்டாளே! நான் உன் கையைப் பற்றியா பெருமை பேசினேன்? உன்னைப் பற்றிப் பேசினேன். எனக்கு வேறு எப்படிச் சொல்லத் தெரியும்? இவ்வளவு படித்தவனுக்கு இது கூடப் புரியாதா? என்னைச் சாகடித்துச் சவப்பெட்டிக்கு அளவும் எடுக்க வைத்துவிட்டாயே. கொடுத்ததைத் திரும்பக் கேட்பது எவ்வளவு மானக்கேடு தெரியுமா? பேக்கரிக்காரனின் மனைவி கோட்டைக் கழற்றித் தரும்போது முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டாள். ரேடியோவைத் தையல்காரரிடமே விட்டுவிட்டேன்.

கடவுளோடு சண்டை போட்டாய் என்று எழுதியிருக்கிறாய். சண்டை போடும் அளவுக்கு உறவு இருக்கிறதே, போதும். நீ கழுவிவிட்ட கால்களை அவர் பார்க்காமலா இருக்கிறார்? அந்த ஓட்டுநருக்கு என் வணக்கத்தைச் சொல். அவரைப் போல ஒரு மனிதர் எனக்கும் நேரம் பார்த்துக் கதை சொல்லியிருந்தால் நான் இத்தனை கேக் சாப்பிட்டிருக்க மாட்டேன்.

நேற்று அந்தப் பெண்ணிடம் போனேன். என்னைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். இந்த மாதம் இருபத்தி நாலாம் தேதி ஆபரேஷன். இதோ, எழுதிவிட்டேன், இனி தேதி தேதி என்று உயிரை வாங்காதே.

நீயும் அவளும் இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடுங்கள். உள்ளே வந்து அந்தப் பெண்ணுக்கு யோசனை சொல்லக் கூடாது, இப்போதே சொல்லிவிட்டேன். உள்ளே அவள்தான் டாக்டர், நீ வெறும் தம்பி.

ஜூலையில் பயமில்லை என்று எழுதினேன். இப்போது பயமாக இருக்கிறது வாலு. சாகப்போகிறேன் என்று நினைத்திருந்த வரைக்கும் நிம்மதியாக இருந்தேன். பிழைக்கலாம் என்று தெரிந்ததிலிருந்து ராத்திரியெல்லாம் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தள்ளுவண்டியில் படுக்க வைத்துக் கதவு வரைக்கும் கொண்டுபோவார்களாம். அது வரைக்கும் வீட்டு ஆள் ஒருவர் கூடவே நடந்து வரலாமாம்.

நீ வா. வந்து அந்தக் கையை எனக்குக் கொடு. அன்றைக்கு என் கையும் நடுங்கத்தான் போகிறது. இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டால், நடுங்குவது யார் கை என்று எவனுக்குத் தெரியப்போகிறது?

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
அக்கா